ரெஜினா கொண்டுவந்த வெறும் ஃப்ளாப்பி

ரெஜினா மேடம் இறந்த செய்தி எனக்குக் குளியலறைக் கதவு வழியாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் டெலிபோன் அடித்தது. என் கணவர் ராகவன் எடுத்தார். பிறகு கதவுக்கு வெளியே வந்து நின்று, "வத்சலா, ரெஜினா போயிட்டா" என்றார். கண்ணெல்லாம் சீயக்காயோடு நான் அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டேன். யார் பேசினார்கள், எப்போது, எப்படி என்று உள்ளேயிருந்தே கேட்டேன். அவர் வெளியிலிருந்தே பதில் சொன்னார். பேசியது ரெஜினாவின் தங்கை தெரசா. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஜபமாலை சொல்லிவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லையாம்.

சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போனபோது நம் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள் பலரையும் அங்கே பார்த்தேன். எல்லாரும் அழுதோம். ஆனால் எனக்கு அழுகையோடு கூடவே ஒரு பெரிய நிம்மதியும் இருந்தது. அதைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அவர் படுக்கையில் கிடந்து அவதிப்படவில்லை என்ற நிம்மதி எல்லாருக்கும் உள்ளதுதான். என்னுடையது வேறு. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குச் சேர வேண்டிய ஒன்று, அவர் கண்மூடுவதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அந்தக் கதையை எழுதத்தான் ஊழியர் சங்க மலரில் இடம் கேட்டேன். ஒரு பக்கம் போதுமா என்றார்கள். ஒரு பக்கத்தில் ரெஜினாவா? அவர் மோந்து பார்த்த காப்பித்தூளைப் பற்றி மட்டும் எழுதினாலே நாலு பக்கம் வரும்.

உங்களுக்குத் தெரியும், அவரோடு எந்த விசேஷத்துக்கும் நிம்மதியாகப் போய்வர முடியாது. கல்யாணப் பந்தியில் கேசரியைத் தொட்டு விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்துக் காட்டச் சொல்வார். எங்கள் புதுமனைப் புகுவிழாவில் என் மாமியாரிடம், "அம்மா, உங்க நெய் நல்ல நெய். ஆனா பாதிதான்" என்றவர் அவர். மாமியார் ஒரு வருஷம் ரெஜினா பெயரையே எடுக்கவில்லை. அந்த நெய்க்காரனை நிறுத்தியது மட்டும் மறுநாளே நடந்தது.

மஞ்சள் தூள் விஷயம் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். வடபழனிப் பக்கம் ஒரு சின்னக் கடையிலிருந்து எடுத்த மஞ்சள் தூள் என் மேஜைக்கு வந்தது. அமிலம் விட்டதும் சிவந்தது. சாயக் கலப்படம் என்று அறிக்கை எழுதக் குனிந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "பிளாங்க் போட்டியா?" என்றார் ரெஜினா. வேதியியல் படிக்காதவர்கள் வீட்டில் இருந்து இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: பிளாங்க் என்றால் பரிசோதிக்க வேண்டிய பொருளைப் போடாமலேயே, வெறும் குழாயில் அதே சோதனையைச் செய்து பார்ப்பது. ஒன்றுமே இல்லாத குழாயும் சிவந்தால் கோளாறு மஞ்சளில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அன்றைக்கு வெறும் குழாயும் சிவந்தது. அமிலப் புட்டியில் யாரோ அழுக்குக் குழாயை விட்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் கோர்ட்டு வாசல் ஏறாமல் தப்பினார். அவருக்கு இன்றுவரை இது தெரியாது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் கணவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வகுப்பில் மைக் வைத்துக்கொள்ளாதவர். கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த வகுப்பில் தூங்குகிறவனும் எழுந்திருப்பான் என்று சொல்வார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. உயிர் பிழைக்க வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உயிர் இருந்தது, குரல் போயிற்று.

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு குழந்தைகள் சிலேட்டு வாங்கி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பலப்பம் சட்டைப் பையில். கோபம் வந்தால் கொட்டை எழுத்தில் எழுதுவார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆஸ்பத்திரியில் காற்றை விழுங்கி, ஏப்பம் விடுவதுபோல மேலே கொண்டுவந்து பேசக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு மூன்று தடவை போனார். பிறகு, "ஏப்பம் விட்டுப் பேசுவதற்குப் பேசாமலே இருக்கலாம்" என்று சிலேட்டில் எழுதி என் முன்னால் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் குளிக்கும்போது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவைத் தட்டுவார். நான் பாதிக் குளியலில் புடவையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து சிலேட்டைப் படிக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று இருக்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது. பேசத் தெரிந்த நான் கத்துவேன். அவர் பலப்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் வந்தது. தெருவில் முதல் கம்ப்யூட்டர். பக்கத்து வீட்டார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள். அடையாற்று முகத்துவாரத்திலும் கரையிலும் இருக்கும் செடி கொடி மரங்களைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி தமிழில் ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தார். வகுப்பில் எப்படிப் பேசுவாரோ அப்படியே இருந்தது அந்த எழுத்து. நடுவில் கிண்டல்கூட இருந்தது. 'கடைசி பெஞ்சு, இந்த இலையைக் கசக்கி மோந்து பார்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். அதைத் திரையில் படித்த அன்றைக்கு நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். அவருடைய குரல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது.

புத்தகம் முக்கால்வாசி முடிந்த சமயம், கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று நின்று போயிற்று. தி. நகரில் எங்களுக்கு அந்தப் பெட்டியைக் கட்டிக்கொடுத்த கடையிலிருந்து குமார் வந்தார். முப்பது வயது இருக்கும், வேலையில் சுத்தம், பேச்சில் ஓயாத மனிதர். என்னவோ மாற்றினார், ஓடியது. போகும்போது பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து, "இது ஃப்ரீ மேடம். உள்ள வைரஸ் கீதான்னு அதுவே பார்த்துக்கினு இருக்கும். நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்று சொல்லி உள்ளே ஏற்றிவிட்டார். திரையில் ஒரு கேடயப் படம் வந்தது. என் கணவர் அதற்கு 'வாட்ச்மேன்' என்று சிலேட்டில் பெயர் எழுதினார்.

மறுநாளிலிருந்து வாட்ச்மேன் எங்களைத் தூங்கவிடவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை சிவப்பாகும். பீம் பீம் என்று கத்தும். இத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ணிக்கை காட்டும். ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போயிற்று. அது வெறுமனே எண்ணிக்கை காட்டியிருந்தால் நாங்கள் சட்டை பண்ணியிருக்க மாட்டோம். புத்தகத்தின் அத்தியாயங்களைப் பெயர் சொல்லி வரிசையாகக் காட்டியது. இது கெட்டுவிட்டது, இதுவும் கெட்டுவிட்டது, முழுப் பதிப்பை வாங்காவிட்டால் எல்லாம் அழியும் என்றது. ஃப்ளாப்பி போட்டால் அதிலும் தொற்றிவிட்டது என்றது. குமாருக்குப் போன் செய்தேன். முழுப் பதிப்பு வாங்கினாலும் கெட்டுப்போன ஃபைல்களை அது அழித்துத்தான் சுத்தம் செய்யும், அதற்கு மொத்தமாக ஃபார்மட் பண்ணிவிடுவதே மேல் என்றார். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

படியெடுத்து வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வைத்திருந்தார், நாலைந்து ஃப்ளாப்பிகளில். ஆனால் அவர் தாவரவியல்காரர். கல்லூரியில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக வைத்திருப்பார்கள். ஒரு தாளில் பூச்சி விழுந்தால் அந்தத் தாளை உடனே அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அலமாரியே போய்விடும். முப்பது வருஷப் பழக்கம். ஃப்ளாப்பியில் தொற்று என்று திரை சொன்னதும் மனிதர் கொல்லைக்குப் போய், செம்பருத்திக் கிளை வெட்டும் கத்தரியை எடுத்து, எல்லா ஃப்ளாப்பிகளையும் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் முற்றம் முழுக்கக் கறுப்புச் சில்லுகள். என்ன காரியம் பண்ணினேள் என்று கேட்டேன். "பரவாமல் இருக்க" என்று எழுதிக் காட்டினார். எங்கே போய் முட்டிக்கொள்ள?

சனிக்கிழமை காலை ஃபார்மட் பண்ண வருவதாகக் குமார் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ராகவன் சிலேட்டில் எழுதியது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "விடு. புத்தகம் வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்." அதை அழிக்கக்கூட இல்லை. சிலேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் மதியம் ஆய்வகத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சாப்பிடாமல் இருந்ததை ரெஜினா பார்த்தார். நம் ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, பாண்டி பஜார் பக்கம் ஒரு சென்டரில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்து வந்தவர் அவர் ஒருவர்தான். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று நாமெல்லாம் கேலி செய்தோம். நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் என் டப்பாவிலிருந்து ஒரு வத்தக்குழம்புச் சாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது வந்த நாள்லேர்ந்து, ஒரு நாளாவது 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லிச்சா?"

யோசித்தேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

"அப்ப நாளைக்கு நான் வர்றேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லத் தெரியாத சோதனை என்னா சோதனை?"

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காடு கலையாமல் நேரே வந்துவிட்டார். தோளில் வழக்கமான கித்தான் பை. முதலில் காப்பி. தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "சிக்கரி கம்மிதான். பொழைச்சுப் போ" என்றார். பிறகு பையிலிருந்து ஃப்ளாப்பிகள், நூல் கண்டு, மெழுகுவர்த்தி, அரக்கு என்று வெளியே வந்தன. கம்ப்யூட்டருக்கு எதற்கு அரக்கு என்று கேட்டேன். "உங்க ஆத்துல கேள்வி கேட்டுண்டே இருப்பேளா?" என்று என்னை மாதிரியே பேசிக் காட்டினார். ஊஞ்சலில் இருந்த ராகவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரெஜினா கம்ப்யூட்டரைப் போட்டார். திரை சிவந்தது, கத்தியது. அவர் ஒரு ஃப்ளாப்பியை எடுத்து எங்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அது புதியது. ஆபீஸ் மெஷினில் போட்டு முழுக்கத் துடைத்துக் கொண்டுவந்தது. உள்ளே ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. அதன் மூலையில் இருக்கும் குட்டிச் சட்டத்தை நகத்தால் தள்ளினார். அப்படித் தள்ளிவிட்டால் அந்த ஃப்ளாப்பியில் யாரும் எதையும் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது; படிக்க மட்டும்தான் முடியும். அதை உள்ளே செருகி, வாட்ச்மேனைச் சோதிக்கச் சொன்னார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேடயம் சுழன்றது. பீம் பீம். வெறும் ஃப்ளாப்பியில் முப்பத்தேழு வைரஸ்.

"வத்சலா, அந்த விளக்கைப் பார்த்தியா?" என்றார் ரெஜினா. ஃப்ளாப்பி செருகும் இடத்தில் ஒரு பச்சை விளக்கு உண்டு. உள்ளே படிக்கும்போது அது எரியும், கரகரவென்று சத்தமும் வரும். விளக்கு எரியவில்லை. சத்தம் இல்லை. அந்தப் பாவி அதைத் திறந்துகூடப் பார்க்காமலேயே முப்பத்தேழு என்று சொல்லியிருக்கிறான். மறுபடி சோதிக்கச் சொன்னார். இந்தத் தடவை நாற்பத்தொன்று. சுத்தம் செய்யச் சொன்னார். ஐந்து வைரஸை அழித்துவிட்டேன், மற்றதற்கு முழுப் பதிப்பு வாங்கு என்றது. அழிக்கவே முடியாதபடி பூட்டிய ஃப்ளாப்பியில், இல்லாத ஐந்தை அழித்திருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு மூச்சுக் காற்றுச் சத்தம் கேட்டது. ராகவன் எப்போது எழுந்து வந்து நின்றார் என்று தெரியவில்லை. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று நான் பயந்துபோய்க் கையைப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துக் குமார் வந்தார், ஃபார்மட் பண்ணும் சாமான்களோடு. ரெஜினா அவரைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். அவர் கையிலிருந்த புது ஃப்ளாப்பிப் பெட்டியை அவரையே பிரிக்கச் சொல்லி, அவர் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துப் போடச் சொன்னார். குமார் போட்டார். ஐம்பத்திரண்டு. குமார் வேறொன்று போட்டார். இருபத்தொன்பது. மூன்றாவது, எதையுமே போடாமல் சோதிக்கச் சொன்னார் ரெஜினா. அதற்கும் ஓர் எண் வந்தது.

"இன்னா மேடம் இது, காத்துலயே வைரஸ் கீதுன்னு சொல்லுது" என்றார் குமார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எவனோ எனக்குக் குடுத்தான், நான் போட்டேன். இத்த நம்பி என் மச்சான் மெஷினையே ஃபார்மட் பண்ணிட்டேன் மேடம். அதுல அவரு குழந்தை போட்டோ எல்லாம் இருந்துச்சு."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது. காப்பி கொடுத்தேன். யார் யாருக்கு அந்த ஃப்ளாப்பியைப் போட்டுக் கொடுத்தாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் அவரே போய் எடுத்துவிட வேண்டும் என்று ரெஜினா சொன்னார். குமார் தலையாட்டினார். அந்த வாக்கை அவர் காப்பாற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"இது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால உள்ள கெடுதலே இல்லைன்னு ஆயிடாது" என்றார் ரெஜினா. அவர் சந்தோஷத்தில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த, மூலையில் பூட்டிய ஒரு ஃப்ளாப்பியை வைத்துத் திரும்பப் போட்டார். அப்படிப் போட்டால் உள்ளே இருக்கும் எதுவும் கண்விழிக்காதாம், வாட்ச்மேனும் தூங்குவான். அந்த அமைதியில் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் புது ஃப்ளாப்பிகளில் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு எரிந்தது, கரகரத்தது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் நம் கம்ப்யூட்டரில் இருந்த நிஜமான வைரஸ் பரிசோதனையில் அவற்றைப் போட்டார். அதற்கும் முதலில் வெறும் ஃப்ளாப்பி வைத்தார். ஒன்றும் இல்லை என்றது. அடுத்து, முன்பு ஒருமுறை ஆபீஸில் வைரஸ் வந்தபோது பிடித்துத் தனியாக வைத்திருந்த ஒரு கெட்ட ஃப்ளாப்பியை வைத்தார்; இருக்கிறது என்று பெயரோடு சொன்னது. இரண்டும் சரியாக வந்த பிறகுதான் எங்கள் புத்தகம். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கபாலியை வேண்டிக்கொண்டிருந்தேன். ரெஜினா என் முழங்கையை இடித்தார். திரையில் ஒன்றும் இல்லை என்று இருந்தது. எல்லாமே நல்லபடியாக இருந்தது. நான் ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். "மேஜை மேல அழாத. சாம்பிள் நனையும்" என்றார்.

அன்று சாயங்காலமே வந்து வாட்ச்மேனை வெளியேற்றினார். கம்ப்யூட்டர் விழித்ததும் தானாக ஓட வேண்டியவை வரிசையாக நிற்கும் இடத்தில் அந்தக் கேடயம் இருந்தது. அதை எடுத்தார். அணைத்துப் போட்டால் மறுபடி வந்து நின்றான். "இன்னொரு வாசல் வச்சிருக்கான்" என்று சொல்லி, மெஷின் முதலில் படிக்கும் ஒரு சின்னக் கோப்பைத் திறந்தார். அதில் ஒரு வரி அவனைக் கூப்பிடச் சொல்லி எழுதியிருந்தது. அந்த வரியை அவர் அழிக்கவில்லை. முன்னால் ஒரு குறி போட்டு, படிக்காதபடி செய்தார். தப்பாகப் போனால் திருப்பி வைக்க வேண்டுமே என்றார். மறுபடி அணைத்துப் போட்டோம். திரை நீலமாக வந்து நீலமாகவே நின்றது. ஒரு கத்தல் இல்லை. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் வாட்ச்மேனுடைய மொத்தக் குடும்பத்தையும் ஒரு ஃப்ளாப்பியில் படியெடுத்துவிட்டு மெஷினிலிருந்து அழித்தார். அந்த ஃப்ளாப்பியைத் தாளில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி நாலு இடத்தில் முத்திரை வைத்தார். கலப்பட மிளகாய்த்தூளுக்கு நாம் வைப்பது போலவே. நாளைக்கு யாராவது இல்லை என்று சாதித்தால் காட்டுவதற்கு மாற்று மாதிரி வேண்டாமா என்றார். அரக்கு வாசனையில் வீடே நம் ஆய்வகம்போல இருந்தது.

அவர் கிளம்பும்போது ராகவன் ஆணியிலிருந்து சிலேட்டை எடுத்தார். வியாழக்கிழமை எழுதியதை உள்ளங்கையால் துடைத்தார். பெரிய எழுத்தில் 'நன்றி' என்று எழுதி ரெஜினா முன்னால் இரண்டு கையாலும் நீட்டினார். ரெஜினா அதைப் படித்தார். பிறகு சிலேட்டை மெதுவாக அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

"இது எனக்கு வேணாம் சார். ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்கல்ல, அப்படிச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன். அவசரம் ஒண்ணும் இல்லை."

ராகவன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே சங்கடமாக இருந்தது. இவ்வளவு உதவி செய்துவிட்டு இப்படியா பேசுவது என்று வாசல்வரை போய்க் கேட்டேன். ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் தொண்டையில எதுவுமே இல்லைன்னு யாரு சொன்னது? அவரேதானே சொல்லிக்கிறாரு? சோதனை பண்ணிப் பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு எப்போது வந்தாலும் உள்ளே நுழைந்ததும் அவர் முதல் கேள்வி, "வந்துடுச்சா?" என்பதுதான். ராகவன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். இரண்டு மாதம் போனது. ஒருநாள் என்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளேயே இருப்பார். தண்ணீர்க் கஷ்டமான சென்னையில் இது என்ன அக்கிரமம் என்று கத்தப் போனவள், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டுச் சும்மா திரும்பிவிட்டேன். அந்தக் கோடையில் அவர் எத்தனை வாளி கொட்டினாலும் நான் வாய் திறக்கவில்லை.

போன வருஷம் ரெஜினா ஓய்வு பெற்றார். விழாவுக்கு மறுவாரம், புத்தகத்தின் அச்சுப் படிவம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். உள்ளே நுழைந்தவர் வழக்கம்போல, "வந்துடுச்சா?" என்றார். ராகவன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து நின்றார். கழுத்தில் சிலேட்டு இல்லை. காற்றை விழுங்கினார். முதல் தடவை வரவில்லை. கண் சிவந்தது. மறுபடி விழுங்கினார்.

"ரெ... ஜினா. நன்... றி."

கரகரவென்று, அன்றைக்குப் பச்சை விளக்கு எரிந்தபோது கேட்டதே, அதுபோல இருந்தது. ரெஜினா அசையாமல் நின்றார். பிறகு, "கரகரன்னு இருக்கு. ஆனா கலப்படம் இல்லை" என்றார். சொல்லிவிட்டு வேகமாக அடுக்களைக்குப் போய் என் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்துகொண்டே நின்றார். நெடுநேரம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

புத்தகம் இந்த வருஷம் வெளிவந்தது. முதல் பிரதியை ராகவனே சாந்தோமுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தார். படித்துவிட்டு ரெஜினா ஏழு அச்சுப்பிழை கண்டுபிடித்து அனுப்பினார். அவரிடமிருந்து வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? கடைசி பெஞ்சு இலையைக் கசக்கும் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால், 'செய்து பார்த்தேன். சரியாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

இரண்டாயிரம் பிறக்கும் நொடியில் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று இப்போது ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். முன்பானால் நானும் பயந்திருப்பேன். இப்போது யார் சிவப்பு நிறத்தில் எதைக் காட்டினாலும், இவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லத் தெரியுமா என்று முதலில் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. அந்த வெறும் ஃப்ளாப்பியையும் தெரசாவிடம் சொல்லிவிட்டு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் இன்றைக்கும் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

மற்றபடி அவர் எங்களுக்கு விட்டுப்போனது ஒரு குரல். அதைக் கேட்கிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருக்கும், பிறகு பழகிவிடும். கீரைக்காரியோடு பேரம் பேசுகிறது. என்னோடு சண்டை போடுகிறது. டெலிபோனை எடுத்து, யார் பேசுவது என்று கேட்கிறது. ரெஜினா போன வெள்ளிக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு என் கணவர் கதவைத் தட்டவில்லை.